உறைந்த ஏரியில் வால்ஐ மீன் பிடிக்க: தூண்டில் நரம்பு, முள், லைசென்ஸ் பற்றி முதல் தடவை வாங்குபவர்களுக்கு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து முதல் ஒன்றிரண்டு குளிர்காலம் கழிந்ததும், ஊரில் தூண்டில் பிடித்துப் பழகியவர்களுக்கு உறைந்த ஏரியைப் பார்த்தால் கை அரிக்கத் தொடங்கிவிடும். கடைக்குள் போனால் ஒரு சுவர் முழுக்க நரம்புச் சுருள்கள், அடுத்த சுவர் முழுக்க மின்னும் ஸ்பூன்கள், அதாவது மீனை இழுக்கும் முள் வைத்த உலோகத் தகடுகள். எதை எடுப்பது என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கு ஒரு கடையில் 20 பவுண்டு பலமுள்ள பிரெய்டு நரம்பும் கையளவு பெரிய ஸ்பூன்களும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அவை கோடையில் பைக் மீனுக்குப் போகும், ஐஸுக்குக் கீழே வால்ஐக்கு எடுபடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மாற்றி, திரும்ப வாங்கித்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உங்களுக்கு அந்தப் பணமும் அலைச்சலும் மிஞ்சட்டும்.

கடைக்காரரும் ஏரிக்கரைக்காரரும் இந்த மீனைப் பிக்கரல் என்பார்கள். அரசு விதிப்புத்தகத்தில் வால்ஐ (walleye) என்றே இருக்கும், தேடும்போது அந்தப் பெயரில் தேடுங்கள்.

1. லைசென்ஸ் எடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்டாரியோவாசிகளுக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று அவுட்டோர்ஸ் கார்டு, மூன்று வருடம் செல்லும், 8.57 டாலர். இன்னொன்று மீன்பிடி லைசென்ஸ். அதில் ஸ்போர்ட் என்பது வருடத்துக்கு 26.57, கன்சர்வேஷன் என்பது 15.07. இதன்மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி. ஆக ஸ்போர்ட் எடுத்தால் ஏறக்குறைய 40 டாலர், கன்சர்வேஷன் எடுத்தால் 27 டாலருக்குள் முடியும். கன்சர்வேஷனில் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீன் எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் வருடத்துக்கு அதுவே தாராளம். மாகாண அரசின் ஹன்ட் அண்ட் ஃபிஷ் ஒன்டாரியோ தளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். பணம் கட்டுமுன் அன்றைய கட்டணத்தை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. ஒன்டாரியோவாசி என்றால் இங்கே வீடு இருப்பதோடு, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். போன மாதம் இறங்கிய மாணவர் ஒன்டாரியோவாசிக்கான லைசென்ஸ் எடுக்க முடியாது, அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான், அது அதிகம். அதேபோல 65 வயது தாண்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வாழ்பவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) வந்திருக்கும் அப்பாவின் கையில் கோலைக் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கும் லைசென்ஸ் எடுங்கள்.

செலவே இல்லாமல் ஒருமுறை பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி மாதம் ஃபேமிலி டே வார இறுதி இருக்கிறது. அந்த நாட்களில் கனடாவாசிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பெயரும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள அட்டை கையில் இருந்தால் போதும், கன்சர்வேஷன் அளவு பொருந்தும்.

லைசென்ஸைக் காகிதத்தில் அச்செடுத்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் காட்டினாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் மைனஸ் 20இல் போன் பேட்டரி திடீரென்று செத்துப்போகும்.

2. ஏரியைத் தீர்மானித்தபின்தான் நரம்பு

ஒன்டாரியோ மீன்பிடி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சீசன் வேறு, அளவு வேறு. டொராண்டோவிலிருந்து பக்கம் என்பதற்காக எல்லோரும் முதலில் சிம்கோ ஏரிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே பெர்ச், ஒயிட்ஃபிஷ், லேக் டிரவுட் எல்லாம் அருமையாகக் கிடைக்கும், வால்ஐக்கு அது இடம் இல்லை. பீட்டர்பரோ பக்கத்துக் காவர்த்தா ஏரிகளில் வால்ஐ நிறைய உண்டு, ஆனால் அது 17ஆம் மண்டலம், குளிர்காலத்தில் வால்ஐக்கு மூடியிருக்கும். கோடையில் அங்கே பிடித்த ஞாபகத்தில் ஜனவரியில் போய் நின்றால் அபராதம்.

குளிர்காலத்தில் நம்பிப் போகக்கூடியவை இரண்டு. டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் பெல்வில், டெசரான்டோ பக்கம் பே ஆஃப் குவின்டி. இங்கே மீன் பெரிது, 10 பவுண்டு மீன் வருவது அதிசயம் இல்லை, ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு முறை மட்டும் மீன் கொத்தும் நாளும் உண்டு. இரண்டாவது வடக்கே நார்த் பே ஊரை ஒட்டிய நிப்பிசிங் ஏரி, மூன்றரை மணி நேரத்துக்கு மேல். மீன் சிறிது, ஆனால் ஐஸ் சீக்கிரம் கெட்டியாகும். அறை, குடில், ஏற்றிச்செல்லும் வண்டி எல்லாம் வைத்து நடத்துபவர்கள் அங்கே நிறையப் பேர். புதியவர்களுக்கு நான் நிப்பிசிங்கைத்தான் சொல்வேன்.

குளிர்கால சீசன் ஐஸ் இருக்கும்போதே மூடிவிடும், எந்தத் தேதி என்பதை அந்த வருடப் புத்தகத்தில் உங்கள் மண்டலத்துப் பக்கத்தில் பாருங்கள். வைத்துக்கொள்ளக்கூடிய நீளமும் அங்கேதான் இருக்கும். ஒரு அளவுநாடாவைப் பையில் போடுங்கள்.

3. கோலும் ரீலும்

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். 28 முதல் 32 அங்குல நீளத்தில், மீடியம்-லைட் அல்லது மீடியம் என்று எழுதியிருக்கும், நுனி மட்டும் சட்டென்று வளைகிற கோல். கூடவே நரம்பைச் சுற்றி ஏற்ற 1000 அளவு ஸ்பின்னிங் ரீல். இரண்டும் சேர்த்து காம்போ என்று 40 முதல் 60 டாலருக்குள் வரும். குவின்டிக்கு மட்டும் என்றால் மீடியம், 32 அங்குலத்துக்கு மேல். கோலில் நரம்பு ஓடும் வளையங்களைக் கவனியுங்கள், நுனி வளையம் குண்டூசித் தலை அளவுக்குச் சிறியதாக இருக்கும் கோல் பெர்ச்சுக்கானது, வெளியில் நின்று பிடித்தால் ஐந்து நிமிடத்தில் ஐஸ் அடைத்துக்கொள்ளும்.

4. நரம்பு

இங்கேதான் பணம் வீணாகும், மீனும் போகும். மூன்று வகை இருக்கிறது.

மோனோ என்பது ஊரில் நாம் தங்கூசி என்று சொல்லும் அதே ஒற்றை இழை நைலான். இழுத்தால் நீளும். விலை குறைவு, முடிச்சு சுலபமாக நிற்கும், குளிர்காற்றிலும் ஓரளவு சொன்னபடி கேட்கும். சுருளில் கிடந்த வளைவு அப்படியே தங்கிவிடும் என்பதுதான் குறை, குளிரில் இது கூடும்.

ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, தண்ணீரை உறிஞ்சாது, தானாக மூழ்கும். ஆனால் விறைப்பு. ரீல் முழுக்க இதைச் சுற்றினால் குளிரில் கம்பிச்சுருள் மாதிரி ஸ்பூலை (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விட்டுத் தாவும். முழு நரம்பாக இது வேண்டாம், நுனியில் ஒரு துண்டுக்கு மட்டும்.

பிரெய்டு பல இழைகளை முறுக்கிப் பின்னியது. நீளவே நீளாது. 10 பவுண்டு பிரெய்டு 2 பவுண்டு மோனோ அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். 40 அடி ஆழத்தில் மீன் மூச்சு விட்டாலே கைக்குத் தெரியும். ஆனால் இழைகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றடிக்கும் ஐஸ் மேல் மைனஸ் 15இல் இரண்டு முறை சுற்றி ஏற்றிப் பாருங்கள், நரம்பு முழுக்கக் கண்ணாடி மணி கோத்ததுபோல் ஐஸ் துளிகள் ஒட்டியிருக்கும். அந்த மணிகள் வளையத்தில் வந்து நிற்கும், சுற்ற முடியாது, பலம் போட்டால் கோல் நுனி போய்விடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வெளியில், காற்றில், கூடாரம் இல்லாமல் பிடிக்கப் போகிறீர்களா, மோனோ. நிப்பிசிங் போல 20, 30 அடி ஆழத்துக்கும் ஒன்றிரண்டு பவுண்டு மீனுக்கும் 6 பவுண்டு, குவின்டிக்கு 8 அல்லது 10. சூடேற்றிய குடிலிலோ கூடாரத்திலோ உட்காரப் போகிறீர்களா, 10 பவுண்டு பிரெய்டு, நுனியில் லீடர் என்ற ஃப்ளூரோகார்பன் துண்டு. ஒரே ஒரு சுருள்தான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 8 பவுண்டு மோனோ எடுங்கள், இரண்டு ஏரிக்கும் ஓடும்.

12, 15 பவுண்டு போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். அதுதான் பெரிய பொறி. தடித்த நரம்பின் சுருள் வளைவை 7 கிராம் ஸ்பூனின் எடை நிமிர்த்தாது. ஸ்பூன் கீழே நேராக இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்கும், கோல் நுனியை ஆட்டினால் நரம்பின் வளைவுதான் ஆடும், ஸ்பூன் சும்மா தொங்கும். மீன் லேசாக வாயில் எடுத்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வாங்கும்போது சுருளின் மேல் ஐஸ் என்றோ கோல்டு வெதர் என்றோ எழுதியிருப்பதை எடுங்கள். இது வெறும் அட்டை விளம்பரம் இல்லை. மோனோ என்றால் குளிரில் வளைந்து கொடுக்கும்படி மென்மையாகச் செய்திருப்பார்கள், பிரெய்டு என்றால் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கும். பெர்க்லி டிரைலீன் கோல்டு வெதர், சுஃபிக்ஸ் ஐஸ் மேஜிக் இரண்டும் நல்ல மோனோ. சிறிய சுருள்கள்தான், 10 டாலர் சுற்றளவில் முடியும். கோடைக்கான 300 கெஜச் சுருளை வாங்காதீர்கள், ஐஸ் ரீலில் அதில் பாதிகூட ஏறாது.

சுற்றுவதிலும் ஒரு விஷயம் உண்டு. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது முடிச்சோடு மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும், டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் திருகு) கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். முதலில் ஏதாவது பழைய மோனோவைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, அதில் பிரெய்டைக் கட்டுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். மோனோவை வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் சுருளோடு கொஞ்ச நேரம் போட்டுவிட்டுச் சுற்றினால் வளைவு குறையும்.

5. லீடர், ஸ்விவல், முடிச்சு

ஸ்பூன் தண்ணீரில் சுழலும், சுழன்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். அதற்குத்தான் ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு. இருப்பதிலேயே சிறியது, கறுப்பு நிறம். ஸ்விவலுக்குக் கீழே 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் துண்டு.

இதன் நீளத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கோடையில் கட்டுகிற மாதிரி மூன்றடி லீடர் கட்டினால், ஸ்விவல் கோல் நுனியில் வந்து முட்டி நின்றுவிடும், மீன் இன்னும் ஐஸுக்குக் கீழேயே இருக்கும். உங்கள் கோலே இரண்டரை அடிதானே. மேலே ஏற்ற வழியில்லாமல் கையால் நரம்பைப் பிடித்து இழுக்க வேண்டிவரும், முக்கால்வாசி மீன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போகும். ஸ்விவல் போடுவதென்றால் லீடர் 45, 50 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நீளமாக வேண்டுமென்றால் ஸ்விவல் இல்லாமல் டபுள் யூனி முடிச்சால் இரண்டு நரம்பையும் நேராகச் சேருங்கள், அது வளையத்துக்குள் நுழைந்து வரும். பிரெய்டுப் பக்கம் ஏழெட்டுச் சுற்று, ஃப்ளூரோகார்பன் பக்கம் நாலைந்து போதும்.

முள்ளில் கட்ட மோனோவுக்கும் ஃப்ளூரோகார்பனுக்கும் இம்ப்ரூவ்டு கிளின்ச், பிரெய்டுக்கு பாலோமார். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த ஃப்ளூரோகார்பனை வெடுக்கென்று இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடம் பலவீனமாகி, முடிச்சுக்கு மேலே சுருள் சுருளாகப் பன்றிவால் போல் நெளிந்து நிற்கும். அப்படி நெளிவைக் கண்டால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

முக்கியமாக, லீடர்களை வீட்டு மேசையில் உட்கார்ந்து கட்டுங்கள். ஏழெட்டு கட்டி, ஒரு அட்டைத்துண்டில் சுற்றி வையுங்கள். மைனஸ் 20இல் கையுறையைக் கழற்றி ஒரு நிமிடம் ஆனால் விரல் சொன்ன பேச்சுக் கேட்காது.

பைக் மீன் பல்லால் அறுத்துப்போகும் என்று எஃகுக் கம்பி லீடர் விற்பார்கள். வால்ஐக்குப் பார்வை கூர்மை, கம்பியைக் கண்டால் ஒதுங்கும். ஒன்றிரண்டு ஸ்பூன் பைக்குக்குப் போனால் போகட்டும்.

6. ஸ்பூன், ஜிக், வெறும் முள்

மொத்தம் நாலு போதும். 1/4 அவுன்ஸ் (7 கிராம்) ஸ்பூன் இரண்டு, ஒன்று தங்கம் அல்லது செம்பு நிறம், இன்னொன்று இருட்டில் ஒளிரும் வகை. ஸ்வீடிஷ் பிம்பிள், காஸ்ட்மாஸ்டர், உள்ளே குண்டு வைத்துக் கிலுகிலுக்கிற ரகம் என எதுவானாலும் சரி. மூன்றாவது ரபாலா ஜிக்கிங் ராப் என்ற சின்ன மீன் வடிவ ஜிக், நிப்பிசிங்குக்கு 5ஆம் எண், குவின்டிக்கு 7 அல்லது 9. நாலாவது 1/8 அவுன்ஸ் சின்ன ஸ்பூன், மீன் மந்தமாக இருக்கும் நாளுக்கு. குவின்டியில் 40 அடிக்குக் கீழே பிடித்தால் அரை அவுன்ஸ் ஸ்பூன் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒவ்வொன்றும் 6 முதல் 12 டாலர். நிறம் நிறமாக வாங்கிக் குவிப்பதில் பலன் இல்லை, தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, கலங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால் தங்கமும் ஒளிர்வதும்.

ஒன்டாரியோவில் ஐஸ் மேல் பெரும்பாலான ஏரிகளில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். இரண்டாவதை வெறும் முள்ளாகப் போடுங்கள். 4 அல்லது 6ஆம் எண் முள், அதற்கு ஒரு முழம் மேலே ஒரு சின்ன ஈயக்குண்டு, முள்ளில் மின்னோ என்ற உயிருள்ள சின்ன இரை மீன். முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பில் படாமல் குத்தினால் வெகுநேரம் நீந்தும். இதற்கு மோனோதான், அதன் நெகிழ்வு மீனுக்குச் சந்தேகம் தராது. ஸ்பூன் ஆட்டம் மீனைக் கூட்டிவரும், வந்த மீன் பக்கத்தில் நீந்தும் மின்னோவை எடுக்கும். இந்தத் தூண்டில் உங்களிடமிருந்து 60 மீட்டருக்குள், மறைப்பில்லாமல் கண் பார்வையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஸ்பூன் முள்ளிலும் மின்னோவின் தலையை மட்டும் கிள்ளி மாட்டுங்கள். முழு மீனை மாட்டினால் ஸ்பூனின் ஆட்டம் செத்துவிடும்.

7. மின்னோ வாங்கினால் ரசீது

மாகாணம் நான்கு இரை மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, இரை மீனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. டொராண்டோவில் வாங்கி நிப்பிசிங் கொண்டுபோவது சட்டவிரோதம். ஏரிக்கரைக் கடையிலேயே வாங்குங்கள், ரசீதைத் தூக்கி எறியாதீர்கள், வெளி மண்டலத்துக்காரர் வாங்கியதை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தியோ ஒழித்தோ ஆக வேண்டும். மிஞ்சியதை ஓட்டையில் ஊற்றாதீர்கள், வாளித் தண்ணீரையும் கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளித்தான் கொட்ட வேண்டும்.

8. மொத்தச் செலவு

கோலும் ரீலும் 50, நரம்பு 12, லீடர் சுருள் 14, ஸ்பூன்கள் 35, முள், ஈயம், ஸ்விவல் எல்லாம் சேர்த்து 10, ஓட்டையிலிருந்து ஐஸ் அள்ளும் கரண்டி 10. ஆக 130 டாலர் பக்கம். கையால் திருகும் துளைகருவி 70 முதல் 100 ஆகும், 8 அங்குலம் எடுங்கள். குடில் வாடகைக்கு எடுத்தால் துளை போட்டே கொடுப்பார்கள், முதல் சீசனில் இந்தச் செலவு வேண்டாம். சொந்தக் கூடாரம் வாங்கினால் துணிக் கூடாரமாக, தரைப் பரப்பு 7 சதுர மீட்டருக்குள் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. ஒலியலையால் மீனைக் காட்டும் கருவிக்கு 300, 400 டாலர் கேட்பார்கள், இப்போது வேண்டாம். நரம்பு நுனியில் ஒரு கனமான ஈயக்குண்டை மாட்டி இறக்கினால் ஆழம் தெரிந்துவிடும்.

டிசம்பர் கடைசியில் தள்ளுபடி வரும், ஆனால் நல்ல அளவுகள் அதற்குள் தீர்ந்துவிடும். நரம்பையும் ஸ்பூனையும் நவம்பரிலேயே வாங்கிவிட்டு, கோலுக்குக் காத்திருங்கள்.

9. ஐஸ் மேல் நின்றபின்

தெளிந்த நீலநிற ஐஸ் 10 சென்டிமீட்டராவது இல்லாமல் காலை வைக்காதீர்கள், கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது, நான் 15ஐத்தான் பின்பற்றுகிறேன். வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். குவின்டியில் நீரோட்டம் உண்டு, இங்கே கெட்டி என்பதால் நூறடி தள்ளியும் கெட்டி என்று அர்த்தமில்லை. உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் ஐஸ் குத்தூசி ஜோடி தொங்கட்டும், 10, 15 டாலர்தான்.

வால்ஐ மங்கல் வெளிச்சத்தில் இரை தேடும் மீன். விடியலுக்கு முன் துளை போட்டு முடித்திருக்க வேண்டும், சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரம் எழுந்து போகக் கூடாது. நடுப்பகலைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனைத் தரை தட்ட விட்டு, ஒரு சாண் மேலே தூக்கி, இரண்டு மூன்று தடவை ஆட்டி, அப்படியே நிறுத்துங்கள். கொத்து அந்த நிறுத்தத்தில்தான் வரும், இழுப்பாக இல்லாமல் அடுத்த முறை தூக்கும்போது வெறும் பாரமாக.

டிராக்கை நரம்பு பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள், 8 பவுண்டு நரம்பென்றால் இரண்டரை பவுண்டு. குளிரில் ரீல் கிரீஸ் இறுகும், வீட்டில் சரியாக இருந்த டிராக் ஏரியில் கல்லாகிவிடும், அதனால் ஐஸ் மேல் ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்து மறுபடி வையுங்கள். நுனி வளையத்தில் ஐஸ் அடைத்தால் நகத்தால் கொத்தாதீர்கள், கோல் நுனியைத் துளைத் தண்ணீரில் சில விநாடி முக்கினால் கரைந்துவிடும்.

30 அடிக்குக் கீழேயிருந்து வேகமாக ஏற்றிய மீனின் காற்றுப்பை வீங்கியிருக்கும், திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஆகவே ஆழத்தில் பிடிக்கும்போது உங்கள் அளவு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். விடவேண்டிய மீனை ஐஸ் மேல் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கண்ணும் செவுளும் சில நொடியில் உறையும். நீண்ட மூக்குக் குறடால் முள்ளை எடுத்து, தலை கீழாக துளைக்குள் விடுங்கள். பல் கூர்மையானது, வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

வீடு திரும்பியதும் ரீலைக் காரிலேயே விடாமல் உள்ளே எடுத்துவந்து, நரம்பின் முதல் பத்தடியை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். துளையின் விளிம்பில் உரசிச் சொரசொரப்பாகியிருந்தால் அந்தப் பத்தடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக லீடர் கட்டுங்கள். மோனோவை ஒவ்வொரு சீசனுக்கும் மாற்ற வேண்டும், பிரெய்டை அடுத்த வருடம் தலைகீழாகத் திருப்பிச் சுற்றி இன்னொரு சீசன் ஓட்டலாம்.